பழைய வீட்டின் மூன்றாவது சாவி

"எங்க அண்ணன்தானா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க சார். அவர் வீட்டுப் பக்கம் வந்தே ஒரு வாரமாச்சு."

சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் அவள் கணவர், தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரு பழைய வீட்டை வாங்கி, தங்கள் கையாலேயே புதுப்பித்து வந்தார்கள். அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் காலை வேலை. அவருக்கு அச்சகத்தில் மாலை வேலை. அதனால் காலையில் அவர் தனியாக ஹாலைக் கவனிப்பார். மாலையில் அவள் தனியாகச் சமையலறையைக் கவனிப்பாள்.

"சுவருக்குப் பட்டி பூசிட்டுப் போறேன். மறுநாள் பார்த்தா யாரோ தேய்ச்சு வழவழன்னு ஆக்கியிருக்காங்க," என்றார் கணவர்.

"நான் ஒட்டின டைல்ஸைப் பெயர்த்து, மறுபடி ஒட்டியிருக்காங்க," என்றாள் அவள்.

மூன்றாவது சாவி அவளுடைய அண்ணனிடம் இருந்தது. மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் மரச் சாமான் கொண்டுவந்து இறக்குபவர் அவர்தான். கேட்டதற்கு, "நான் தொடல," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கோபத்தில் சாவியைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர்கள் தேடி வந்திருந்தவர், காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் 'நிதானம்' என்றே கூப்பிடுவார்கள். அவருக்குத் துணை, புகைப்படக்காரரான சித்தப்பா மகன். அவருக்குப் பெயர் 'அவசரம்'.

"பூட்டு உடையல, சாவி அவர்கிட்ட. கேஸ் முடிஞ்சுது அண்ணே!" என்றார் அவசரம்.

"முதல்ல காபியை முடி. வீட்டைப் பார்த்துட்டு கேஸை முடிக்கலாம்."

ஹால் சுவர் ஓர் உயரம் வரை கண்ணாடிபோல் இருந்தது. அதற்கு மேல் மேடும் பள்ளமும். கீழே ஒரு ஸ்டூல்.

"மேல அலை அடிக்குது அண்ணே. படகு விடலாம்," என்றார் அவசரம். கணவர் அசடு வழிந்தார்.

"உங்க அண்ணன் எப்படியம்மா இருப்பார்?" என்று கேட்டார் நிதானம்.

"நல்ல உயரம். இந்த வாசல்ல குனிஞ்சுதான் வருவார்."

சமையலறை வாசலில் ஒரு துணி தொங்கியது. "எல்லாம் முடிஞ்சப்புறம் இவருக்குக் காட்டணும்னு தடை போட்டிருக்கேன். இவர் இன்னும் உள்ள வந்ததே இல்ல," என்றாள் அவள்.

"எந்த டைல்ஸை மாத்தியிருக்காங்க?"

அவள் வாயெடுப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "குழாய்க்குக் கீழ் வரிசைதான் சார். லேசாத்தான் சரிஞ்சிருந்துச்சு, பாவம்."

நிதானம் தலையாட்டினார். "உங்க அண்ணனைக் கூப்பிடுங்கம்மா. நான் கூப்பிட்டதாச் சொல்லுங்க."

அண்ணன் வந்து ஒரு ஓரமாக நின்றார். நிதானம் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்தார்.

"இவர் தேய்ச்சிருந்தா மேல வரைக்கும் வழவழன்னு இருந்திருக்கும். இது ஸ்டூல் போட்டும் கை எட்டாத ஒருத்தரோட வேலை."

அந்தப் பெண் தலைகுனிந்தாள்.

"சமையலறைக்குள்ள போகாதவருக்கு, எந்த வரிசை சரிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

"அதானே! நான் இவர்கிட்டச் சொல்லவே இல்லையே!" என்று அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் கூரையைப் பார்த்தார்.

"நல்லா இல்லன்னு சொன்னா இவ மனசு நோகுமேன்னுதான் சார்..."

"நானும் அப்படித்தான்," என்றாள் அவள். "டைல்ஸ்ல அண்ணன்தான் கை வெச்சார்னு நெனச்சேன். சுவரும் அவர் தலையிலயே போகட்டும்னு வாயை மூடிக்கிட்டேன்."

"இவரும் அதே கணக்குதான் போட்டிருக்கார். ஒருத்தர் மனசு நோகக் கூடாதுன்னு நெனச்சது நல்ல காரியம்மா," என்றார் நிதானம் மென்மையாக. "ஆனா அந்த நோவைத் தூக்கி மூணாவது ஆள் தலையில வெச்சுட்டீங்களே."

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா சார்?" என்று அண்ணனிடம் கேட்டார் அவசரம்.

"தங்கச்சி தேய்க்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? ஒருத்தர் மேல ஒருத்தர் இவ்வளவு ஆசையா இருக்குதுங்க. நான் எதுக்கு அதை உடைக்கணும்?"

அவசரம், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, நிதானமாகத் தலையாட்டினார்.

அவள் எழுந்து போய்ச் சாவியை அண்ணன் கையில் வைத்து, இரண்டு கையாலும் மூடினாள். "மன்னிச்சுடு அண்ணா," என்றாள். கணவர், "ரெண்டு அறை கொடுங்க மச்சான். வாங்கிக்கறேன்," என்றார்.

"அறையெல்லாம் வேணாம் மாப்ள. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிப் பழகுங்க. அது போதும்."

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் சமையலறை அலமாரிக் கதவுகூடக் கொஞ்சம் கோணல்தான்மா."

"எப்பப் பார்த்தீங்க அதை?" என்று சீறியவள், அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"திருப்புளியை எடு. மூணு பேரும் சேர்ந்தே கழட்டுவோம்."