ஏழாயிரத்துக்கு மேலே

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் எரிபொருள் வண்டிகளுக்குச் சாலையில் இடம். மற்ற நாள்களில் மின்வண்டிகள் சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த ஒரு காலைக்காக தனசேகர் வாரம் முழுவதும் காத்திருப்பார். மகள் இதழினியின் பைக்கில் ஏறிப் பொள்ளாச்சி சாலையில் கொஞ்ச தூரம் போய்வருவார். “மகளோட போயிட்டு வர்றேன்” என்றுதான் பக்கத்து வீட்டில் சொல்வார். அவள் மூளைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. ஆனாலும் அவரை யாரும் பைத்தியம் என்று நினைத்ததில்லை.

வண்டிகள் அப்படி மாறியிருந்தன. இன்ஜெக்டருக்கு எரிபொருளை அளந்துவிடும் எரிமூளை என்னும் சின்னக் கணினி, ஓட்டுகிறவரின் கையையும் கற்றுக்கொள்ளும். எங்கே முறுக்குவார், எங்கே தயங்குவார் என்பதெல்லாம் அதில் பதியும். கைத்தடம் என்று அதற்குப் பெயர். வேறொருவர் ஏறி ஓட்டினாலும் ஆக்ஸிலரேட்டர் பழைய கையின் பழக்கப்படி உள்ளங்கைக்குள் லேசாகத் திரும்பும். இறந்தவரின் வண்டியை வீட்டார் ஓட்டுவது இதனால்தான் வழக்கமாகிப் போனது.

அதற்கும் இப்போது அரசு வேட்டு வைத்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து பெட்ரோல் கிடையாது, முழுக்க எத்தனால். வண்டியை மாற்றியமைக்காமல் ஓட்ட முடியாது. தனசேகர் உக்கடத்திலிருந்த பெரோஸின் பட்டறைக்கு வந்தார். இதழினியின் கூட்டாளி அவன். இருவரும் சேர்ந்துதான் இந்த வண்டியின் சிலிண்டரை அகலப்படுத்தினார்கள்.

“ரெண்டு வழி இருக்குங்க அங்கிள். எரிமூளைய அழிச்சுட்டு எத்தனாலுக்குப் புதுசா எழுதலாம். எஞ்சினுக்கு அதுதான் நல்லது. ஆனா கைத்தடமும் சேர்ந்து போயிரும்.”

“இன்னொண்ணு?”

“மேல ஒரு பெட்டி மாட்டலாம். மூளையத் தொடாம, அது சொல்ற அளவ மட்டும் கூட்டி இன்ஜெக்டருக்கு அனுப்பும். ஆனா வேகமா முறுக்குனீங்கன்னா பெட்டியால ஈடு குடுக்க முடியாது. பிஸ்டன் பொசுங்கிரும்.”

“நான் எங்க கண்ணு வேகமாப் போறேன்? பெட்டியே மாட்டு.” தனசேகர் சிரித்தார். “அவளே இப்பெல்லாம் வேகமாப் போறதில்ல. முதல்ல என்னைய இழுத்துட்டு ஓடுவா. இப்ப அப்பனுக்குப் பயம்னு தெரிஞ்சு, மேடு பள்ளம் பாத்து மெதுவாக் கூட்டிட்டுப் போறா.”

பெரோஸின் கை ஸ்பேனரோடு அப்படியே நின்றது. வண்டியை, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும் உருளைமேடையில் ஏற்றி, திரையை இணைத்தான்.

சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தது கைத்தடம்; மேலே போகப் போக எஞ்சின் வேகம் கூடும். முதலில் பதிந்த கை நீலம், பிறகு வந்து கலந்த கை மஞ்சள். திரை ஏறக்குறைய முழுதும் மஞ்சளாக இருந்தது.

“வண்டி கத்துக்கிட்டேதான் இருக்குங்க அங்கிள்” என்றான் மெதுவாக. “மெதுவாப் போனது அவ இல்ல. நீங்க.”

தனசேகர் திரைக்கு அருகே வந்தார். சாவு வீட்டிலேயே பெரோஸ் சொல்லியிருந்தான், வேறு கை பதியாதபடி கைத்தடத்தைப் பூட்டிவிடலாம் என்று. “என்ற பொண்ணப் பூட்டி வைக்கச் சொல்றியா?” என்று அவன்மேல் எரிந்து விழுந்தவர் அவர்தான். பெரோஸ் அதை இப்போது நினைவூட்டவில்லை. இரண்டு கை கலந்த பிறகு பூட்டு விழாது. இறந்தவரின் கையை நகலெடுக்கவோ சட்டம் இடந்தராது.

வாராவாரம் அவளைப் பார்க்கப் போய், வாராவாரம் அவளை அழித்துவிட்டு வந்திருக்கிறார்.

“இது?” திரையின் உச்சியில் ஒரு ஓரத்தைத் தொட்டார். அங்கே கொஞ்சம் நீலம் இருந்தது.

“நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்துக்கு மேல. நீங்க அங்க போனதே இல்ல. அதனால அவ இருக்கா. பெட்டி மாட்டிட்டு, இனியும் அந்தப் பக்கம் போகாம இருந்தீங்கன்னா இருப்பா.”

“அங்க போகாம, அவ இருந்து எனக்கு என்ன கண்ணு?”

பெரோஸ் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தான். “மேடை மேலயே ஒரு தடவ போய்ப் பாருங்க. டேங்க்ல இன்னும் பெட்ரோல்தான் இருக்கு, பிஸ்டனுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கைய லேசா வச்சிருங்க. நீங்க இறுக்கிப் புடிச்சா அது கத்துக்கும்” என்றான்.

தனசேகர் ஏறி உட்கார்ந்தார். முறுக்கினார். உருளை கதறியது. ஐயாயிரம். ஆறாயிரம். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டார். ஏழாயிரத்தைத் தாண்டியதும் பிடி அவர் கைக்குள் தானாகத் திரும்பியது. கியர் மாற்றுமுன் அதை இரண்டு முறை சுண்டுவது இதழினியின் வழக்கம். சுண்டியது. ஒன்று. இரண்டு.

“அம்மணி” என்று மகளைக் கூப்பிட்டார் அவர்.

அவரையறியாமல் கை இறுகிவிட்டது. சாலையைக் கடக்கும்போது குழந்தையின் கையைப் பிடிக்கிற பிடி.

திரையில் கடைசி நீலமும் மஞ்சளானது. பெரோஸ் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். பிடியை விடாமல் தனசேகர் அழுதார். அழுது முடித்தபின்தான் கையை எடுத்தார்.

“அழிச்சுட்டுப் புதுசாவே எழுதிரு கண்ணு” என்றார். “என்ற கை அதுல இருக்க வேண்டாம்.”