மைதாப் பசையில் ஒட்டிய தொட்டில்

ஜிஸ்மி அக்காவின் அறைக்குள் போக ஏலப்பாறை எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பயம். உள்ளே பெரிய பெரிய படங்கள். அவற்றில் வண்ணம் மட்டும் இல்லை. மந்திரித்த கயிறு, காய்ந்த எலுமிச்சை, உருகிய மெழுகுவர்த்தி, மண்குதிரையின் கால் என்று என்னென்னவோ ஒட்டியிருக்கும். மக்கள் எதையெல்லாம் வைத்து வேண்டிக்கொள்கிறார்களோ, அதையெல்லாம் படமாக்குவதுதான் அக்காவின் வேலை.

"அவங்க மந்திரக்காரி" என்பான் வகுப்புத் தோழன் ஜோபி.

"மந்திரக்காரி மூக்குல பெயிண்ட்டோட நிப்பாளா?" என்று கேட்பாள் அனுப்பிரியா. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவள் மட்டும்தான் அங்கே போய்ப் பசை கிண்டிக் கொடுப்பாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் அழுகைச் சத்தம். பக்கத்து வீட்டு ராமலட்சுமி சித்திக்கு இது ஏழாம் மாதம். ஒன்பது வருடம் கழித்து வரப்போகும் குழந்தை. அதற்காக மாரியம்மன் கோயில் மரத்தில் அவர் கட்டியிருந்த சின்ன மரத்தொட்டிலைக் காணவில்லை.

"எம் புள்ளைக்கு என்னமோ ஆகப்போவுது" என்று விம்மினார் சித்தி.

"கோயில் சாமானெல்லாம் எடுத்து ஒட்டுறது யாரு? அந்தப் படக்காரிதான்! வாங்க, போய்க் கேப்போம்" என்று எழுந்தார் அதே லயத்துப் பாண்டித்துரை மாமா.

அனுப்பிரியா தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்கு வழியில் ஓடினாள்.

அக்காவின் அறையில், பெரிய படத்தின் நடுவில், சிவப்புத் துணியோடு தொட்டில் ஒட்டியிருந்தது.

"அக்கா, இது எங்க கெடச்சுது?"

"ஓடைப் பக்கம், சேத்துல. புதன்கிழமை மழைக்கு அப்புறம். யாரோ வேண்டாம்னு போட்டதுன்னு நெனச்சேன்."

"ராமலட்சுமி சித்தியோடதுக்கா. காணோம்னு அழுறாங்க."

அக்காவின் முகம் வெளுத்தது. நாலு மணிக்கு ஜீப் வரும். படம் கொச்சிக் கண்காட்சிக்குப் போக வேண்டும். ஆனாலும் அவர் உடனே கத்தியை எடுத்துத் தொட்டிலைப் பெயர்க்கப் போனார்.

"வேண்டாங்க்கா! துணி கிழிஞ்சா சித்தி இன்னும் பயந்துருவாங்க." அனுப்பிரியா விரலால் தடவிப் பார்த்தாள். "இது நான் கிண்டுன மைதாப் பசைதான? தண்ணிக்கு எளகும். நோட்டு லேபிளை நான் அப்படித்தான் உரிப்பேன்."

வெந்நீரில் நனைத்த துணியை இருவரும் தொட்டிலைச் சுற்றி வைத்தார்கள். அதற்குள் வாசலில் கூட்டம்.

"எங்க தொட்டிலு?" என்று அதட்டினார் மாமா.

"சத்தம் போடாதீங்க மாமா. ஊறிக்கிட்டிருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜிஸ்மி அக்கா நேரே சித்தியிடம் போனார்.

"நான்தான் எடுத்தேன். மரத்துலருந்து இல்ல, கீழ கெடந்துச்சு. ஆனா யாரோடதுன்னு கேட்டிருக்கணும். கேக்கல. மன்னிச்சிருங்க."

"கீழயா கெடந்துச்சு?"

"மழையில முடிச்சு அவுந்து ஓடைப் பக்கம் வந்திருக்கும் சித்தி. அக்கா எடுக்கலேன்னா ஓடையோட போயிருக்கும்" என்றாள் அனுப்பிரியா.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். மாமா மெல்ல விரலை நீட்டினார்.

"இன்னும் ஊறணும் மாமா!"

விரல் பின்வாங்கியது.

கால் மணி நேரம் கழித்து அனுப்பிரியா மெதுவாக அசைத்தாள். தொட்டில் அவள் கையோடு வந்தது. ஒரு நூல்கூட அறவில்லை.

சித்தி அதை வயிற்றோடு அணைத்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். அடுத்த நொடி, "ஐயோ, உதைக்குது பாருங்க!" என்று சிரித்தே விட்டார். பிறகு படத்தைப் பார்த்தார். நடுவில் ஈரத் திட்டு.

"உங்க படம் காலியாயிருச்சே!"

"இருக்கட்டும். கேக்குறவங்ககிட்ட, தொட்டில் வீட்டுக்குப் போயிருச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்றார் அக்கா.

ஜீப் வந்ததும் படத்தைத் தூக்கி ஏற்றியவர் பாண்டித்துரை மாமாதான். யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

பிறகு எல்லாரும் கோயிலுக்குப் போனார்கள். ராமலட்சுமி சித்தி தன் கையாலேயே தொட்டிலை நைலான் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். அனுப்பிரியா எட்டி இழுத்துப் பார்த்தாள்.

முடிச்சு அசையவே இல்லை.