வெட்டிய இருமல்

வெட்டி எறிந்த இருமல் திரும்பி வந்திருந்தது.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி, காதைத் தேய்த்துக்கொண்டு, மறுபடியும் மாட்டி அதே இடத்தை ஓட்டிப் பார்த்தாள். இரண்டு வரிகளுக்கு நடுவே, அவளே பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்து மௌனத்தை ஒட்டிவைத்த இடத்தில், இரண்டு குட்டை இருமல், அதன்பின் நெஞ்சின் அடியிலிருந்து கிணற்றுக் கயிறு மேலே வருவதுபோல் ஒரு நீண்ட இழுப்பு, கடைசியில் தொண்டையைச் செருமும் சத்தம். கண்டாமணியின் இருமல். நாள் கணக்கில் அதை உட்கார்ந்து வெட்டியவளுக்குத் தெரியாதா என்ன?

கண்டாமணி என்பது அந்தக் குரல் கலைஞருக்கு இந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர். அவ்வளவு கனத்த குரல். ஒரு தடித்த நாவலை ஒலிப்புத்தகமாக வாசிக்க வந்தவருக்குப் பனிக்காலத்தின் வறட்டுக் காற்று தொடங்கியதுமே இருமலும் தொடங்கிவிட்டது. கண்ணாடி அறைக்குள் இருந்து இருமுவார், "மன்னிக்கணும்மா, மறுபடியும் போலாமா?" என்பார். பிறகு தொண்டையைச் செருமிவிட்டு, ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டி, அவள் தலையசைப்பதற்காகக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் தலையசைப்பாள், அவர் வாசிப்பார். வெட்டிய இருமலின் ஓட்டையில் அவள் அறையின் வெறும் சத்தத்தை எடுத்து ஒட்டுவாள். ஆள் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. அதை ஒட்டாவிட்டால் அந்த இடம் குழி விழுந்ததுபோல் காதைத் தட்டும். அந்தச் சத்தத்துக்குத் தொழிலில் ரூம் டோன் என்று பெயர். கடைசி அத்தியாயம் முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போன மனிதர் அங்கிருந்து வீடு திரும்பவேயில்லை.

"என்ன, கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குறியா?" முதலாளி வாசலில் நின்றிருந்தார்.

"சார், இதைக் கொஞ்சம் கேளுங்க. நான் வெட்டின இருமல். சத்தியமா வெட்டினேன்."

அவர் ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்துக் கேட்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அரைகுறையா வெட்டிட்டு சத்தியம் வேற. இருட்டுறதுக்குள்ள ஃபைல் போயாகணும். பழைய ரூம் டோன் கெட்டுப்போயிருந்தா உள்ள போய் புதுசா எடு. இதையும் நானே சொல்லணுமா?"

உள்ளே போவதா? அவள் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், முதல்ல கொஞ்ச நேரம் கதவைத் தொறந்து வச்சுக்கலாமே. அந்த ஈரம் உறிஞ்சுற மெஷினையாவது நிறுத்துங்க. எங்க அக்கா நர்ஸு. அவ சொல்றா..."

"மைக்குக்கு ஈரம்னா விஷம். மைக்கு போச்சுன்னா உங்க அக்காவா வாங்கித் தருவா? வந்துட்டாங்க பெருசா சொல்ல." கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

நல்லா இருய்யா நீ, என்று அவள் மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். அந்த ஆள் கண்டாமணி செத்த பிறகு ஒரு தடவைகூட அந்தக் கண்ணாடி அறைக்குள் காலை வைக்கவில்லை என்பதை அவள் கவனிக்காமலா இருந்தாள்?

அக்கா சொன்னது அவள் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. "ஈரமான காத்துல இருமுனா எச்சில் துளி கனத்துக் கீழ விழுந்துரும்டி. இந்தப் பாழாப்போன வறட்டுக் குளிர்லதான் ஆபத்து. துளி காஞ்சு பொடியாகி அப்படியே மிதக்கும். இருமுனவன் எழுந்து போன பிறகும் மிதக்கும். கிருமிக்கும் குளிருன்னா கொண்டாட்டம். எல்லாத்துக்கும் மேல, குளிருதுன்னு எல்லாரும் ஜன்னலை வேற சாத்திக்கிறீங்க. ஜாக்கிரதை, வீட்ல பச்சப்புள்ள இருக்கு."

பச்சப்புள்ள. சிட்டு. இன்னும் நடக்கப் பழகாத, பிடித்து நிற்கக் கற்றுக்கொண்டு நாலு நாள் ஆகாத மகள். இந்த அறையிலிருந்து எதுவும் சிட்டுவிடம் போய்விடக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். அதற்காகத்தான் வாசலிலேயே உடுப்பை மாற்றி, தலைக்குக் குளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு பிள்ளையைத் தூக்குகிறாள். ஆனால் கண்டாமணி இருமிய நாட்களில் எல்லாம் பதிவுக்கு முன்னால் காற்று வெளியேற்றும் ஃபேனை நிறுத்தியது யார்? அவள்தான். ஃபேன் ஓடினால் மைக்கில் உறுமல் விழும். கதவை இறுக்கிச் சாத்து, ஃபேனை நிறுத்து, பிறகு பதிவு செய். கை தன்னால் செய்யும் வேலை அது. இப்போதும் அவள் கை தன்னால் போய் ஃபேனை நிறுத்தியது. பதிவை ஓடவிட்டு எழுந்தாள்.

கதவுப் பிடியைத் தொட்டதும் விரலில் சுளீரென்று ஒரு பொறி. வறட்சி அப்படி. உள்ளே போனதும் உதடு இழுத்துப் பிடித்தது, மூக்கின் உட்புறம் காய்ந்து எரிந்தது, சுவர்களில் ஒட்டிய கறுப்புப் பஞ்சு அவள் காலடிச் சத்தத்தை வாங்கி விழுங்கிக்கொண்டது, மூலையில் ஈரம் உறிஞ்சும் மெஷின் தன் வேலையை முடித்துவிட்டு ஒற்றைப் பச்சை விளக்கோடு சும்மா நின்றது, எல்லாவற்றுக்கும் மேலே கண்டாமணி ஓயாமல் சப்பிக்கொண்டிருந்த இருமல் மிட்டாயின் நெடி அப்போதுதான் காகிதம் பிரித்ததுபோல் வந்தது. கதவு அவளுக்குப் பின்னால் உறிஞ்சினாற்போல் சாத்திக்கொண்டது.

கண்ணாடியில், உட்கார்ந்தவரின் வாய் வரும் உயரத்தில், ஆவி படிந்திருந்தது.

இங்கே ஆவி எங்கிருந்து வரும்? காகிதமே காய்ந்து சுருளும் அறை இது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். போய்விட்டது. 'சும்மா இரு, பயந்தாங்கொள்ளி' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஒரு நிமிஷ வேலை, எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம்.

ஆள் உட்கார்ந்த அறையின் சத்தம் வேறு, வெற்று அறையின் சத்தம் வேறு. அதனால் அவர் நாற்காலியில் அவள் உட்காரத்தான் வேண்டும். உட்கார்ந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் முகக்கவசம் சரசரத்தது. அந்த மைக் அதையும் விடாது, பிடித்துக்கொள்ளும். கழற்ற மனமே இல்லை. கழற்றினாள். கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் கம்ப்யூட்டர் திரை தெரிந்தது. பதிவாகும் சத்தம் பச்சைக் கோடாக ஊர்ந்தது. யாரும் அசையாத அறையில் அது தட்டையாகத்தான் ஓட வேண்டும்.

தட்டையாக இல்லை.

மெல்ல உயர்ந்தது. மெல்லத் தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

அவள் மூச்சு விடவில்லை. வாயைப் பொத்தியிருந்தாள். கோடு உயர்ந்தது. தாழ்ந்தது. யாரோ பொறுமையாக மூச்சு விடுகிறார்கள். இவ்வளவு கிட்டத்தில். இதே நாற்காலியில்.

துடைத்த கண்ணாடியில் ஆவி படிந்தது. மறைந்தது. படிந்தது.

எழுந்திரு என்றாள் காலிடம். கால் கேட்கவில்லை. கண் இருட்டியது. நெஞ்சு வெடிக்கும்போல் இருந்தது. கூடாது. இங்கே கூடாது. வெளியே போய். சிட்டு. வெளியே போய்.

முடியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. குளிர்ந்த, வறண்ட, மிட்டாய் நெடி அடித்த காற்று மொத்தமும் உள்ளே போயிற்று.

திரையில் கோடு தட்டையானது. கண்ணாடியில் ஆவி மறுபடி படியவேயில்லை.

ஃபைல் சுத்தமாக இருந்தது. போட்டுக் கேட்டால் எல்லா இருமலும் போயிருந்தது. "பாத்தியா, வேலையை ஒழுங்கா செஞ்சா முடியுதில்ல?" என்று முதலாளி சிரித்தார். அவள் ஃபைலை அனுப்பிவிட்டுக் கிளம்பினாள். தொண்டையில் ஏதோ உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்று தெருமுனையில் நின்று யோசித்தாள். வறட்டுக் காற்று முகத்தை அறுத்தது. தெருவில் ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் சாத்திக் கிடந்தது. ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் யாரோ இருமினார்கள். எங்கே போவது? யார் வீட்டில் சேர்ப்பார்கள்?

வீட்டுக்குள் நுழைந்ததும் ஹீட்டரின் காய்ந்த சூடு முகத்தில் அடித்தது. உடுப்பை மாற்றினாள், குளித்தாள், இரண்டு முகக்கவசங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு சாத்திய படுக்கையறைக் கதவுக்கு வெளியே நின்றாள். அந்தக் கதவின் மேல்பாதி கண்ணாடி.

"ஏன் அங்கயே நிக்கிற? பாப்பா உன்னைத் தேடித் தேடி இப்பதான் தூங்குச்சு," என்றான் கணவன் உள்ளேயிருந்து.

"ஏங்க, ஜன்னலைத் தொறங்க."

"இந்தக் குளிர்லயா? உனக்கென்ன கிறுக்கா? துணி வச்சு இடுக்கெல்லாம் அடைச்சிருக்கேன், ஒரு பொட்டுக் காத்து வராது."

"தொறங்கன்னா தொறங்க! என் பக்கத்துல வராதீங்க. நான் இனிமே ஹால்லயே..."

வார்த்தை முடியவில்லை. உள்ளேயிருந்து அது கிளம்பிவிட்டது. இரண்டு குட்டை இருமல். ஒரு நீண்ட இழுப்பு. அவள் தொண்டை, ஆனால் அவளுடைய இருமல் இல்லை. முகக்கவசத்துக்கு மேல் முழங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். நெஞ்சுக்குள் இருந்த கனம் சட்டென்று காலியானது. என்ன லேசு! உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது அவளுக்கு. போய்விட்டது, ஒழிந்தது என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம்தான் நினைத்தாள். போய்விட்டது. எங்கே?

கதவின் கண்ணாடியில், உட்பக்கத்தில், ஆவி படிந்தது.

"சிட்டு," என்றாள்.

தொட்டிலுக்குள் இருமல் கேட்டது. குட்டையாக இரண்டு. பிறகு அந்தச் சின்ன நெஞ்சுக்குள்ளிருந்து, அதற்குள் இருக்கவே இடமில்லாத ஆழத்திலிருந்து, நீளமாக ஒன்று.

குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அழவில்லை. தொண்டையைச் செருமியது. ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, அவள் தலையசைப்பதற்காகக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தது.