வெட்டி ஒட்டிய கடல்

மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டுகிற சர்க்கார் படம் என்றால் எவனாவது ஒருத்தன் பேசிக்கொண்டே இருப்பான். இந்த ரீலில் பேச்சே இல்லை. கடலுக்கடியில் மீன், ஆமை, பாசி. கூடவே வீணை. அவ்வளவுதான்.

தென்காசித் தகரக் கொட்டகையில் மேட்னி. சாரல் தகரத்தில் பொரிந்துகொண்டிருக்க, புரொஜக்டரில் கார்பன் குச்சி எரியும் காந்தல் மூக்கில் ஏற, ஆபரேட்டர் குத்தாலிங்கம் சுவர் ஓட்டையில் கண்ணை வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீன்கூட்டம் மொத்தமும் ஒரே வாக்கில் திரும்பி விலகியது. விலகின இடத்தில், வெகு தூரத்தில், ஒன்று நட்டமாக நின்றது.

மீன் நட்டமாக நிற்காது.

இடுப்பில் அறுந்த கயிறு. மூட்டை தூக்கித் தூக்கிச் சாய்ந்துபோன இடது தோள். அந்தத் தோளை அவனுக்குத் தெரியும். தங்கச்சி செண்பகவல்லியின் புருசன் சங்கிலிப்பாண்டி. சந்தைக் கூலி வயிற்றுக்குப் பத்தாமல் தூத்துக்குடிக்குச் சங்கு குளிக்கப் போனவன். போன வருசம் முங்கியவன் எழும்பவில்லை. பாதிக் கயிறுதான் மேலே வந்தது. உடம்பு கிடைக்காததால் அவள் தாலியைக் கழற்றவில்லை. இதே கொட்டகையில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிறாள்.

“கடல் படமாமேண்ணே. ஒருவாட்டி பாத்துக்கிடுதேன்.”

“வெறும் மீனுட்டி. சோலியப் பாரு.”

“அவுக முங்குன கடலுல்லா?”

இதை அவள் பார்த்தால் தாங்கமாட்டாள். முதலாளி ஏசுவடியானிடம் போய் நின்றான்.

“அண்ணாச்சி, அந்த ரீலு வேண்டாம்.”

“சர்க்கார் படம் ஓட்டாட்டா லைசென்ஸு போயிரும்லே. மீனு கடிச்சிருமோ ஒன்னய?”

அறுந்த பிலிமை வெட்டி ஒட்டுவது அன்றாடச் சோலிதான். மறுநாள் காலையில் அந்த உருவம் தெரிகிற துண்டை வெட்டி எறிந்தான். முனைகளைச் சுரண்டி, மருந்து தடவி ஒட்டினான்.

மேட்னியில் மீன்கள் விலகின. அது நின்றது. முன்னைவிடக் கிட்டத்தில்.

திரும்பவும் வெட்டினான். இன்னும் கிட்டத்தில். முகத்தில் பாசி. கண் இருந்த இடத்தில் நண்டு.

வெட்ட வெட்ட, அது வரவேண்டிய தூரத்தைத்தான் குறைத்துக்கொண்டிருக்கிறோம் என்று புத்தியில் உறைத்தபோது ரீல் பாதியாகியிருந்தது.

அன்றைக்குச் சாரல் வலுத்தது. கூட்டமில்லை. வாசலுக்கு ஆள் வராததால் செண்பகவல்லி உள்ளே வந்து தரை டிக்கெட் மணலில் உட்கார்ந்தாள். அவன் பார்க்கவில்லை. வீணை தொடங்கிய பிறகுதான் பார்த்தான்.

இப்போது மீனே இல்லை. திரை முழுக்கச் சாய்ந்த தோள்.

“யண்ணே! அவுக வந்துட்டாக!”

கார்பன் குச்சிகளைப் பிரித்தான். வெளிச்சம் செத்தது. திரை சாகவில்லை. வீணையும் நிற்கவில்லை.

அவள் எழுந்தாள். நடந்தாள்.

“ஏட்டி! போகாதட்டி!”

ஓட்டை வழியே உப்புவாடை. மீன் கவிச்சி.

மீன்கூட்டம் திரும்பி வந்து மூடியது. விலகியது.

மணலில் யாருமில்லை.

திரையில் இரண்டு பேர் நட்டமாக நின்றார்கள். அவள் கழுத்துத் தாலி மேல்நோக்கி மிதந்தது. அவனைப் பார்த்து அவள் வாய் அண்ணே, அண்ணே என்று திறந்து திறந்து மூடியது.

அந்தப் படத்தில் பேச்சு கிடையாது.