பச்சைக் குமிழ்

இந்தக் காலத்தில் ஆளின் முகத்தைப் பார்த்து யாரும் எதையும் நம்புவதில்லை. நல்லா இருக்கீங்களா என்று கேட்கிறார்கள். நல்லா இருக்கேன் என்றால் காதில் போட்டுக்கொள்ளாமல், ஊசியைக் குத்தி ரத்தத்திடம் கேட்கிறார்கள். வாயுள்ள மனிதனைவிட வாயில்லாத ரத்தத்துக்கு அவ்வளவு மரியாதை. பெரியவருக்கு அது அடியோடு பிடிக்கவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தரை துடைப்பது அவர் வேலை. குழாய்களை இயந்திரத்தில் ஏற்றுவது மகளின் வேலை. புதிதாக வந்த இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க ஊழியர்கள் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். உடம்புக்குள் எங்காவது வெந்து வீங்கினால் அதன் தடயம் ரத்தத்தில் மிதக்குமாம். பக்கவாதம் வந்தவர்களின் ரத்தத்தில் அது எக்கச்சக்கமாக ஏறியிருக்குமாம்.

மதியம் மகள் முகம் வெளுத்துப்போய் வந்து நின்றாள்.

"உங்களுக்கு ரொம்ப ஏறியிருக்குப்பா. இத மட்டும் வச்சு எதையும் சொல்ல முடியாது, ஆனா காலையில தலை வலிக்குதுன்னீங்க. உடனே ஸ்கேன் பண்ணிடலாம். வண்டிக்குச் சொல்றேன், இங்கயே உட்காருங்க."

"ரத்தந்தான் பேசுதே. அதையே வண்டியில ஏத்திக்கிட்டுப் போ."

அவள் போனதும் அவர் எழுந்தார். குழாயில் பெயரை மாற்றி ஒட்டியிருப்பார்கள். தன் ரத்தம் தன்னையே காட்டிக்கொடுக்காது. அதைக் கையோடு எடுத்து வந்து மூஞ்சியில் நீட்டுகிறேன் என்று, குழாய்களை அடுக்கி வைக்கும் குளிரறைக்குள் நுழைந்தார். கனத்த இரும்புக் கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே விசிறிகள் ஓயாமல் இரைந்தன. ஸ்பிரிட் வாடையோடு ஈர இரும்பின் வாடையும் மூக்கில் ஏற, தட்டுத் தட்டாக நின்ற ஊரார் ரத்தத்துக்கு நடுவே தன் பெயரை எழுத்துக்கூட்டித் தேடிக்கொண்டே போனார். எங்கோ ஒரு குழாய் விழுந்து நொறுங்கியது. அவர் எதையும் தள்ளவில்லை.

"யாரது?"

இடது பக்கத்தில் யாரோ ஒட்டி நின்றார்கள். தூங்குகிறவன் சாய்வதுபோல் முழுப் பாரத்தையும் அவர் தோளில் போட்டிருந்தார்கள்.

கதவுக்குத் திரும்பினார். உள்ளிருந்து திறக்க ஒரு பச்சைக் குமிழ் உண்டு. தினமும் துடைக்கிற குமிழ்.

அது இல்லை.

வலக்கையால் கதவைத் தடவினார். வழவழவென்று இரும்பு. மூலை. சுவர். தட்டு. மறுபடி சுவர். மறுபடி கதவு.

குமிழ் இல்லை.

பக்கத்தில் நின்றவனும் கூடவே திரும்பினான். அவனுடைய கை அவர் தொடைமேல் உரசியது. ஐஸ் மாதிரி. பிடித்துத் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டில் அவருடைய கடிகாரம். அறுந்த வாரில் அவரே போட்ட கறுப்பு நூல் தையல்.

"திருட்டுப் பயலே. கழட்டுடா."

இழுத்தார். வலி அவர் தோளில் சுண்டியது.

கதவு திறந்தது. மகள். பின்னால் தள்ளுவண்டியோடு இரண்டு பேர்.

"ஏம்பா திறக்கல? உங்க இடது பக்கத்துலதானே இருக்கு குமிழ்." அவள் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள். "இது யார் கைப்பா?"

"எவன் கையோ." வார்த்தைகள் வாயின் ஒரு ஓரத்திலிருந்து வழிந்தன. "எனக்கு ஒண்ணுமில்ல. உள்ள ஒருத்தன் இருக்கான். அவன ஏத்துங்க."

அவளைத் தள்ளிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். ரத்தம் சொல்லுமாம், இவர்கள் நம்புவார்களாம். பின்னால் மகள் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். இடது பக்கத்தில் ஒரு செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டே கூட வந்தது. அவர் நின்றால் நின்றது. நடந்தால் தேய்ந்தது.

அதுவரை செத்தாற்போல் தொங்கிய அந்தக் கை, விரல் விரலாக மடங்கி, அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது.