அறுபது சென்டிமீட்டர்

கூட்டினால் வரவில்லை.

வடக்குப் பக்கத்து வெளிச்சுவரின் மொத்த நீளம் முப்பத்தொரு மீட்டர் இருபது என்று பிளானில் எழுதியிருந்தது. உள்ளே வரிசையாக இருந்த பத்து அறைகளையும், நடுவில் நின்ற சுவர்களின் கனத்தையும் எடெல்மிரா கார்கமோ மூன்றாவது முறையாகக் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தாள். முப்பது அறுபது. மூன்று முறையும் அதே முப்பது அறுபதுதான். அளவுகோலை வைத்து ஒவ்வொரு அறையாக அளந்துகொண்டு போனபோது இடம் தெரிந்தது. ஏழாவது அறைக்கும் எட்டாவது அறைக்கும் நடுவில் இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. அவற்றுக்கு நடுவே, கதவில்லாமல், பெயரில்லாமல், அறுபது சென்டிமீட்டர்.

அடுத்தவர்கள் வரைந்த கட்டடங்களில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் இருபத்தாறு வருடமாக அவளுடைய பிழைப்பு. உலகின் தென்கோடியில் கிடக்கும் சிலோயே தீவில் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ கட்டுவதென்றால், முதல் மண்வெட்டி மண்ணில் படுவதற்கு முன்னால் அதன் பிளான்கள் கஸ்த்ரோ ஊரில், படகுத்துறைக்கு மேலே இருக்கும் அவளுடைய சின்ன ஆபீசுக்கு வந்து சேரும். அவள் கையெழுத்துப் போட்டால்தான் நகராட்சி அனுமதி கொடுக்கும். அளவு தப்புவது பெரிய விஷயமில்லை. வாரத்துக்குப் பத்துப் பார்க்கிறாள். சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவாள்.

அன்று வட்டம் போட்டாள். தாளைத் திருப்பவில்லை. வெளியே ஜூலை மாத மழை, மரச்சிம்புக் கூரையின்மேல் யாரோ பொறுமையாக உமி கொட்டுவதுபோலப் பெய்துகொண்டிருந்தது. அடுப்பில் ஈர விறகு சீறியது. நாற்காலிமேல் காயப்போட்ட கம்பளிச் சட்டையிலிருந்து ஆட்டு வாடை அடித்தது. இத்தனைக்கும் அடியில், மெல்லிசாக, இந்த அறைக்குள் வரக் காரணமே இல்லாத இன்னொரு வாடை இருந்தது. புதிதாக வெட்டிய களிமண். அவள் குனிந்தாள். தாளிலிருந்துதான் வந்தது. அந்த இடைவெளியின்மேல் விரலை வைத்தாள். மற்ற இடமெல்லாம் உலர்ந்திருந்த தாள், அங்கே மட்டும் சில்லென்று ஈரமாக இருந்தது.

"அந்த முதியோர் இல்லம் இன்னும் முடியலையாக்கா?" என்று வாசலில் நின்று கேட்டாள் ஒரியேத்தா. ஆபீசில் எடெல்மிராவைத் தவிர இருந்த ஒரே ஆள் அவள்தான். தட்டச்சு, தபால், டெலிபோன் எல்லாம் அவள் கையில். "எங்கப்பா அந்த ஒழுகுற ஜிம்முல குடை புடிச்சிக்கிட்டுத் தூங்குறாரு. நேத்து என்ன கேக்குறாரு தெரியுமா? உங்க இஞ்சினியரம்மா நான் செத்ததுக்கு அப்புறந்தான் கையெழுத்துப் போடுவாங்களோன்னு."

"பெரியவருக்கு வாய் மட்டும் இன்னும் வயசாகலை."

"வாய் ஒண்ணுதான் மிச்சம்."

பழைய இல்லம் ஜனவரிக் கோடையில் எரிந்துபோனதிலிருந்து இருபத்திரண்டு கிழவர்களும் கிழவிகளும் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில்தான் கிடந்தார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் சளிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எடெல்மிராவுக்கு அது தெரியும். பேனாவைக்கூட ஒருமுறை எடுத்தாள். பிறகு டெலிபோனை எடுத்தாள்.

கட்டடத்தை வடிவமைத்தவர் நிபால்தோ ஒயார்சோ. கெட்டிக்காரர், கைசுத்தமானவர் என்று பெயர். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"நிபால்தோ, வடக்கு வரிசையில அளவு உதைக்குது. ஒரு இடைவெளி விட்டிருக்கீங்க."



"ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுலயா?" என்றார்.

அவள் எந்த அறை என்று சொல்லியிருக்கவில்லை.

"என் கம்ப்யூட்டர்ல அப்படி எதுவும் இல்லை, இஞ்சினியரம்மா. சுவரோட சுவர் ஒட்டித்தான் இருக்கு. சத்தியமா. நான் மறுபடி அச்செடுத்து அனுப்புறேன். இந்தத் தடவை நீங்க தயவுபண்ணிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

நான்கு நாள் கழித்துப் புதுத் தாள்கள் வந்தன. ஒரியேத்தா சுருளைப் பிரித்து மேசையில் விரித்துவிட்டு, உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே போனாள். எடெல்மிரா அளந்தாள். எழுபத்தைந்து சென்டிமீட்டர். ஏழாவது அறையின் கட்டில் இடம் போதாமல் கதவுப் பக்கம் தள்ளப்பட்டிருந்தது. எட்டாவது அறையின் அலமாரி சுருங்கியிருந்தது. நடுவில் இருந்தது அகன்றிருந்தது. ஒருக்களித்துப் படுத்திருந்தவன் மல்லாந்து படுத்துக்கொண்டதுபோல.

அஸ்திவாரத் தாளை எடுத்தாள். வடக்குச் சுவருக்கு இணையாக, அறைகளின் அடியில் ஒரு கான்கிரீட் பீம் ஓட வேண்டும். அது ஓடியது, மேற்குக் கோடியிலிருந்து ஆறு தூண்களைத் தொட்டுக்கொண்டு நேராக. ஏழாவது அறை தாண்டியதும் வளைந்தது. எந்த இஞ்சினியரும் பீமை அப்படி வளைக்கமாட்டான். எந்தக் கணக்கும் அதற்கு இல்லை. வளைந்து, ஒரு நீளச் சதுரத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வந்து பழையபடி நேராகப் போனது. பாதையில் கிடக்கும் ஆளை மிதிக்காமல் சுற்றிப் போகிறவர்கள் வைக்கும் காலடி மாதிரி. உள்ளே இருந்த கம்பிகளும் ஒவ்வொன்றாக, பணிவாக, விலகியிருந்தன.

சதுரத்தின் நீளத்தை அளந்தாள். ஒரு மீட்டர் எழுபத்தாறு.

ஓர் ஆளின் உயரம். 

மிச்சமிருந்தது மண் பரிசோதனை அறிக்கை. மூன்று குழிகள் தோண்டியதாக எழுதியிருந்தது. மூன்று குழிக்கும் புகைப்படம்; ஓரங்கள் சரியாமல் முட்டுப்பலகை கொடுத்ததாக நிபால்தோவின் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் மண் மாதிரிப் பைகளின் எண்கள். ஒன்று. இரண்டு. நான்கு.

"ஒரியேத்தா, இவங்களுக்குக் குழி தோண்டினது யாரு?"

"ருபெலிந்தோ மான்சில்யா. வேற யாரு இருக்கா? கிணறு, சவக்குழி, எதுக்கும் அவன்தானே." அவள் குரல் தாழ்ந்தது. "ஆனா அவன் இப்ப ஊர்ல இல்லைக்கா. ஏப்ரல் மாசம் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் பத்தகோனியாவுக்கு ஆட்டுப்பண்ணை வேலைக்குப் போயிட்டானாம். போறவன் சம்பளத்துக்குத்தான் போறான், சட்டையை எடுத்துக்கிட்டுப் போகமாட்டானா? அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமை தவறாம பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்குது."

எடெல்மிரா அறிக்கையின் தேதியைப் பார்த்தாள். ஏப்ரல் பதினாறு.

மறுநாள் மதியம் நிபால்தோவைச் சைட்டுக்கு வரச் சொன்னாள். அவர் மழை என்றார், ஜுரம் என்றார். "அப்ப நான் நகராட்சிக்குத் தனியா எழுதிக்கிறேன்" என்றதும் வந்தார். அவருடைய வண்டியிலேயே போனார்கள்.  அவர் முகம் கறுத்துக் கன்னம் ஒட்டியிருந்தது. கியர் மாற்றும் கையில் நகங்கள் இரண்டு கறுப்பாக, அடியிலிருந்து புதிதாக முளைத்துக்கொண்டிருந்தன.

மழை விட்டிருந்தது. அதன் இடத்தில் மூடுபனி. சைட் ஊருக்கு வெளியே, கழிமுகத்தைப் பார்த்த ஒரு மேட்டில் இருந்தது. வண்டியை நிறுத்தியதும், நீர் வற்றிய சேற்றின் வாடையும், அழுகும் கடற்பாசியின் வாடையும், முள்புதர்களின் பச்சை வாடையும் ஒன்றாக ஏறி வந்தன. கீழே எங்கோ ஒரு படகுமோட்டார் இருமி இருமி அடங்கியது. நான்கு மணிதான், ஆனாலும் வெளிச்சம் ஏதோ வேலை இருப்பதுபோலக் கிளம்பிக்கொண்டிருந்தது. கட்டடம் வரப்போகும் இடத்தைக் காட்ட முளைக்குச்சிகள் அடித்து வெள்ளை நூல் கட்டியிருந்தார்கள். நூல் பத்தடிக்குமேல் தெரியவில்லை.

"வடக்குக் கோட்டை அளப்போம்" என்றாள். "நீங்க நுனியைப் புடிச்சிக்கிட்டுக் கிழக்கு மூலைக் குச்சிக்குப் போங்க. நான் இங்க பார்த்துச் சொல்றேன்."

"நாளைக்கு வெச்சுக்கலாமே."

"போங்க, நிபால்தோ."

ஐம்பது மீட்டர் டேப்பின் நுனியை வாங்கிக்கொண்டு அவர் நடந்தார். பனியில் முதுகு சாம்பலாயிற்று. பிறகு இல்லை. அவளுடைய கையில் வட்டப் பெட்டி மட்டும் சுழன்றது. மஞ்சள் டேப் புல்லின்மேல் நழுவிப் போய்க்கொண்டே இருந்தது. சிறிது நேரம் நின்றது. மறுபடி போனது, முன்னைவிட மெதுவாக, முன்னைவிடச் சீராக.

நின்றது.

"குச்சியில வெச்சீங்களா?"

 டேப் இறுகியது. நல்ல பிடி, வேலை தெரிந்தவன் பிடி. அவள் மேற்குக் குச்சியில் பெட்டியை ஒட்டிவைத்துக் குனிந்து படித்தாள். முப்பத்தொன்று எண்பது. அதே அறுபது சென்டிமீட்டர்.

"தப்பா இருக்கு! கொஞ்சம் தளர்த்தி மறுபடி புடிங்க!"

தளர்ந்தது. இறுகியது. முப்பத்திரண்டு பத்து.

"இழுக்காதீங்க, நிபால்தோ! சும்மா புடிச்சா போதும்!"

"நான் இழுக்கலை" என்றது குரல்.

அவளுக்குப் பின்னாலிருந்து.

திரும்பினாள். வண்டியின் கதவு திறந்திருந்தது. நிபால்தோ இருக்கையில் பாதி உடம்பும் வெளியே பாதி உடம்புமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில். வெறுங்கை.

"என்னால முடியலைம்மா. பத்தடிகூடப் போகலை. கீழ போட்டுட்டு வந்துட்டேன்."

அவள் கையில் டேப் இறுக்கமாகவே இருந்தது.

"மூணாவது குழி" என்றார் அவர். கண் அவள்மேல் இல்லை; டேப்பின்மேல் இருந்தது. "முட்டுப்பலகை வரலை. வரட்டும்னு ருபெலிந்தோ சொன்னான். நான்தான், இன்னும் அரை மீட்டர்தானே, இறங்குன்னேன். கழுத்து வரைக்கும் மண்ணு சரிஞ்சுது. என்னைப் பார்த்து சிரிச்சான், இஞ்சினியரம்மா. 'எசமான், இந்த மண்ணு நல்ல மண்ணு இல்லைன்னு எழுதிக்குங்க'ன்னு சொன்னான். நான் கையால தோண்டினேன். ரெண்டாவது தடவை சரிஞ்சுது."

"யாரையும் கூப்பிடலையா?"

"பலகை இருந்துதுன்னு காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டேனே."

"நிபால்தோ. அப்ப அவன் உயிரோட இருந்தானா?"

 

"தட்டினான்" என்றார். "மண்வெட்டிக் காம்பால. மூணு மூணு தட்டா. இருட்டுற வரைக்கும். நான் இதே வண்டியிலதான் உட்கார்ந்திருந்தேன். நிக்கட்டும் நிக்கட்டும்னு வேண்டிக்கிட்டு." முகத்தை மூடிக்கொண்டார். "நின்னப்புறம் மூடினேன். புல்லு போட்டேன். பிளானை எத்தனை தடவை ஒட்டி ஒட்டி வரைஞ்சாலும், காலையில பார்த்தா விலகியிருக்கு."

டேப் துடித்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

பிறகு ஓய்வு.

ஒன்று. இரண்டு. மூன்று.

எடெல்மிரா பெட்டியைக் கீழே போட்டிருக்கலாம். வண்டியில் ஏறிப் போயிருக்கலாம். பிற்பாடு கேள்விப்பட்டவர்கள் யாரானாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அங்கே ஒரு மனிதன் தட்டிக்கொண்டிருந்தான், யாரும் போகவில்லை என்பது மட்டும்தான் அப்போது அவளுடைய மனதில் இருந்தது. டேப்பைக் கைக்குள் சுற்றிக்கொண்டே நடந்தாள். பின்னால் நிபால்தோ, "வேண்டாம்மா, வேண்டாம்" என்றார். பிறகு அவர் குரலும் பனிக்குள் போயிற்று.

ஐந்து மீட்டர். பத்து. புல் ஈரம். சொந்தச் செருப்பின் சளக் சளக். பதினைந்து. களிமண் வாடை. ஆபீசில் அடித்த அதே வாடை, இப்போது மூக்கை அடைக்கும் அளவுக்கு.

இருபது.

டேப் கிழக்கு மூலைக்குப் போகவில்லை.

அவளுக்கு இரண்டடி முன்னால், தரைக்குள் இறங்கியிருந்தது. குழி இல்லை. வெடிப்பு இல்லை. புல் சின்னச் சின்ன நீர்த்துளிகளோடு ஒழுங்காக மூடியிருந்தது. மஞ்சள் டேப் அதற்குள் நேராக, செங்குத்தாக, வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. மேலே தெரிந்த எண் பன்னிரண்டு. பன்னிரண்டு மீட்டர் ஆழம் எந்தக் குழிக்கும் இல்லை.

"ருபெலிந்தோ?" என்றாள். 

தட்டு நின்றது.

 கீழே கழிமுகத்தில் தண்ணீர் திரும்பி ஏறும் சத்தம் மட்டும்.

பிறகு கனம் ஏறியது. டேப்பின்மேல், அவளுடைய மணிக்கட்டின்மேல், முழு ஆளின் கனம். முழங்கால் மடங்கி அவள் மண்ணில் விழுந்தாள். சுற்றிய டேப் சதையை அறுத்தது. அவிழ்க்கப் பார்த்தாள். அவிழவில்லை. ஒரு இழுப்பு. சற்றுப் பொறுத்து இன்னொரு இழுப்பு. அது இழுப்பு இல்லை. கயிற்றைப் பிடித்து ஏறுகிறவன் கைமாற்றுவது. ஒரு கை. மறு கை.

பக்கத்தில்.

இன்னும் பக்கத்தில்.

அவளுடைய முகத்துக்கு நேர்கீழே புல்தரை ஒரு மீட்டர் எழுபத்தாறு நீளத்துக்கு மெல்ல உப்பியது, தூங்குகிறவனின் போர்வை மூச்சுக்கு உப்புவதுபோல. வேர்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. அந்தப் பிளவில் முதலில் தெரிந்தது விரல்கள். நகமெல்லாம் தேய்ந்துபோன, களிமண் நிறத்து விரல்கள், டேப்பைப் பிடித்திருந்தன. அவை டேப்பை விட்டன. காற்றில் ஒருமுறை துழாவின. பிறகு மிக மென்மையாக, கைகொடுத்துத் தூக்கிவிட வந்தவளுடைய கையைப் பற்றுவதுபோல, அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டன.