தலோமாவில் இந்த ஆண்டு நடந்தவை

கொடியேற்றும்போதே செங்கமலத்துக்கு எரிச்சல் தொடங்கிவிடும். கம்பத்தின் உருளை துருப்பிடித்துப் பாதி உயரத்தில் சிக்கிக்கொள்ளும். கயிற்றைச் சுண்டிச் சுண்டி இழுத்துக் கொடியை உச்சிக்குச் சேர்ப்பதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும். தலைக்கு மேலே காண்கோள் மிதந்தபடி அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். தேங்காய் அளவில் வெள்ளை உருண்டை அது. வெளிநாட்டுக்காரர்கள் விட்னஸ் ட்ரோன் என்பார்கள்.

"இது தேசிய நிகழ்வு," என்று அண்ணாந்து பார்த்து அறிவிப்பாள்.

"கலந்துகொண்டவர்கள் மூவர்," என்று காண்கோள் அவள் பேசும் தமிழிலேயே பதில் சொல்லும். "அவர்களில் ஒருவர் மீன் கழுவிக்கொண்டிருக்கிறார். ஏற்கப்படவில்லை."

தலோமா ஒரு காலத்தில் பசிபிக் கடலில் பவளத் தீவுகளின் கூட்டமாக இருந்தது. செங்கமலத்தின் முன்னோர்கள் கரும்பு வெட்ட ஃபிஜிக்கு வந்து, அங்கிருந்து கொப்பரை வியாபாரத்துக்காக இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். அவள் மணந்துகொண்டது தீவுக்காரரான ஈலியாவை. அவர் இறந்தபோது புதைக்க மண் இருந்தது. அவள் நடுவயதைத் தொடுவதற்குள் அந்த மண்ணும் கடலுக்குள் போய்விட்டது. இப்போது தலைநகரம் இருந்த இடத்துக்கு மேலே, இரும்புக் கால்களில் ஒரு ரக்பி மைதானத்தின் அகலத்தில் ஒரு மேடை நிற்கிறது. நாடாளுமன்றம், தபால் நிலையம், மருத்துவமனை, கோழிக்கூண்டு எல்லாம் அதன்மேல்தான். அங்கே வசிப்பவர்களை ஒரே படகில் ஏற்றிவிடலாம். மற்ற தலோமர்கள் ஆக்லாந்திலும் பிரிஸ்பேனிலும் சுவாவிலும் சிதறிக் கிடந்தார்கள்.

நிலம் போனாலும் நாடு போகாது என்று உலக நாடுகள் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டிருந்தன. அதற்குத் தொடர்வாழ்வு ஒப்பந்தம் என்று பெயர். ஆனால் ஒரு நிபந்தனை. நாடு என்றால் அங்கே ஏதாவது நடக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது, அந்நாட்டுக் கடலெல்லைக்குள், குடிமக்கள் தாமாக விரும்பிக் கூட வேண்டும். அரசு அதிகாரி அதைத் தேசிய நிகழ்வென்று அறிவிக்க வேண்டும். காண்கோள் பார்த்து ஏற்க வேண்டும். ஓர் ஆண்டு இது நடக்காவிட்டால் கொடி, கடவுச்சீட்டு, உலக அவையில் இருக்கை எல்லாம் போய்விடும். கடல் பொதுக்கடலாகும். எல்லைக்கு அப்பால் பெரிய மீன்பிடிக் கப்பல்கள் அதற்காகவே காத்துக் கிடந்தன.

அறிவிக்கும் அந்த அதிகாரி செங்கமலம்தான். தேசிய நிகழ்வுத் துறைச் செயலாளர். துறையில் வேறு யாரும் கிடையாது.

முந்தைய ஆண்டு பழைய குடியரசுத் தலைவர் இறந்துபோய் நாட்டைக் காப்பாற்றினார். இறுதிச் சடங்குக்கு நான்கு படகுகள் நிறைய ஆட்கள் வந்து அழுதார்கள். இந்த ஆண்டு சாகும் வயதில் தலைவர்கள் யாரும் மிச்சமில்லை.

சுதந்திர தினத்துக்குப் பிரதமர் தொமாசி வருவதாகச் சொன்னார். ஆக்லாந்தில் குடியிருக்கும் பிரதமர். பந்தல் போட்டு, நாற்காலிகளைக் கழுவிக் காயவைத்து, பாட்டுக்காரர்களை வரிசையில் நிறுத்தியபிறகு திரையில் முகம் காட்டினார்.

"செங்கா, படகுன்னாலே எனக்கு வாந்தி வருதும்மா. உரையை இங்கிருந்தே படிச்சிடறேனே?"

"நீங்க எல்லைக்குள்ள இருந்தாத்தான் கணக்கு ஐயா. போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வருஷமும் வாந்திதானே வந்துது," என்றார் பிரதமர் வருத்தத்தோடு.

வரவுசெலவுக் கூட்டத்தில் எதிர்க்கட்சித் தலைவர் மெரே எதிர்த்துப் பேசினால் நாலு பேர் வேடிக்கை பார்க்க வருவார்கள் என்று செங்கமலம் நம்பினாள். மெரே மேடையின் சமையற்காரியும்கூட. செங்கமலத்தின் வயதுதான். ஈலியாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அவள் எழுந்து நின்று, "எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"எதிர்க்கட்சின்னா எதிர்க்கணும் மெரே!"

"எதை எதிர்க்கறது அண்ணி? நல்லாத்தானே போட்டிருக்கே."

ரக்பி இறுதியாட்டத்துக்கு ஆக்லாந்திலிருந்து இரண்டு அணிகள் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் வரவில்லை. அவர்கள் அங்கே விருந்தினர் அனுமதியில் இருப்பவர்கள். வெளியே போய்த் திரும்பினால் மறுபடி உள்ளே விடுவார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. மேடையில் இருந்தவர்களே இரண்டாகப் பிரிந்து ஆடியதில் தபால்காரருக்குக் கணுக்கால் பிசகியதுதான் மிச்சம்.

பொறுமை தீர்ந்துபோய், ஆண்டில் பாதிக்குமேல் போனபிறகு அவள் எல்லோரையும் கூட்டி வேலைநிறுத்தம் செய்யச் சொன்னாள்.

"யாரை எதிர்த்து?" என்று கேட்டார் தபால்காரர், கட்டுப்போட்ட காலை நீட்டியபடி.

"என்னை எதிர்த்து. நான் கொடுமைக்காரின்னு கத்துங்க. அதுகூடவா முடியாது?"

காலையெல்லாம் கூச்சத்தோடு கத்தினார்கள். மதியம் பசித்ததும் மெரேவுக்கு மனசு கேட்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்து எல்லோருக்கும் சோறு போட்டாள், கொடுமைக்காரிக்கு இரண்டு துண்டு மீன் கூடுதலாக. காண்கோள், "தன்னியல்பு இல்லை," என்றது. செங்கமலம் கையிலிருந்த தட்டை அதன்மீது வீசப் போனாள். மெரே கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரம்தான் மகள் மரகதம் அழைத்தாள். ஆக்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. பேச்சு வழக்கம்போல அனுமதிப் புதுப்பிப்பில் போய் முட்டியது.

"பாப்பாவுக்கும் விருந்தினர்னுதான் போட்டிருக்காங்கம்மா. இங்கேயே பிறந்தவ."

"கேட்டுப் பார்த்தியா?"

"கேட்காம இருப்பேனா? உங்களுக்குத்தான் நாடு இருக்கே, எங்க குடியுரிமை எதுக்குங்கறாங்க. நாடில்லாதவங்களுக்குத்தான் கொடுக்கணுமாம். அதே ஒப்பந்தத்துலதாம்மா அதுவும் இருக்கு. நீ வருஷா வருஷம் அந்தக் கொடியை ஏத்தி ஏத்தி எங்களை விருந்தாளியாவே வச்சிருக்கே."

"நாட்டைக் காப்பாத்தறது தப்பாடி?"

"எங்க நாடு எங்கேம்மா? என் வேலை போச்சுன்னா எங்களை அங்கேதான் அனுப்புவாங்க. பாப்பாவைக் கூட்டிட்டு வந்து நான் எங்கே படுக்கறது? கோழிக்கூண்டுலயா?"

செங்கமலம் பதிலுக்கு நன்றாகத் திட்டினாள். உங்கப்பா கிடக்கும் கடல் இது, நாளைக்கு எவனோ வலை போட்டு அரித்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். மரகதம் அழைப்பைத் துண்டித்துவிட்டாள். அதன் பிறகு அவள் அழைக்கவில்லை. இவளும் அழைக்கவில்லை.

அக்டோபர் கூட்டத்தில் மெரே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எதிர்க்கட்சி சார்பா ஒரு தீர்மானம். தலோமாவை முடிச்சுக்கலாமா வேண்டாமான்னு மக்களைக் கேட்கணும். எல்லாரும் இங்கே வந்து கையைத் தூக்கணும். எங்கேயோ உட்கார்ந்துட்டு நாட்டைச் சாகடிக்கக் கூடாது."

கூட்டம் முடிந்ததும் செங்கமலம் சமையற்கட்டுக்கே போய் நின்றாள். "இத்தனை வருஷம் வாயைத் திறக்காதவ, திறந்ததும் இதுதானா?"

"எதிர்க்கட்சின்னா எதிர்க்கணும்னு நீதானே அண்ணி சொன்னே?"

"வாக்கெடுப்பு நடத்தி நாட்டை முடிக்க முடியாது. ஒப்பந்தத்துல அப்படி வழியே இல்லை. கூட்டம் வந்தா அதுவே தேசிய நிகழ்வாயிடும். முடிச்சுடுன்னு கை தூக்கினாலே நாடு இருக்குன்னுதான் அர்த்தம்."

"தெரியும்," என்றாள் மெரே, மீனைச் செதில் சீவியபடியே. "கேட்கறது நாங்க. அறிவிக்கறது நீதானே? என் கூடப்பிறந்த அண்ணன் பிள்ளைங்க ஏழு பேரும் அங்கே விருந்தாளியாத்தான் கிடக்கு. உன் பொண்ணு மாதிரி."

பிரதமர் தொமாசி இந்தத் தீர்மானத்தைக் கேட்டுக் கோபப்படுவார் என்று செங்கமலம் எதிர்பார்த்தாள். அவரோ துள்ளிக் குதித்தார். "அருமை! எப்படி வாக்களிச்சாலும் நமக்கு வெற்றி. நீ அறிவிச்சுடு, அவ்வளவுதான்!"

ஆண்டின் கடைசி நாள்தான் எல்லோருக்கும் விடுப்புக் கிடைத்த நாளாக அமைந்தது. காலையில் தொடுவானத்தில் ஒரு படகு தெரிந்தது. பிறகு இன்னொன்று. மதியத்துக்குள் மேடையைச் சுற்றிக் கடல் தெரியாத அளவுக்குப் படகுகள். திரும்ப உள்ளே விடுவார்களா என்று தெரியாமலே கிளம்பி வந்திருந்தார்கள். ஒருவரையொருவர் பல ஆண்டுகளாகப் பார்க்காதவர்கள் படகு விட்டுப் படகு தாவிக் கட்டிப்பிடித்தார்கள். எப்போதோ எல்லைத் தென்னைக்காக வெட்டுக்குத்து வரை போன இரண்டு குடும்பங்கள், அந்த மரம் கடலுக்குள் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று விரல் நீட்டி மறுபடி சண்டை பிடித்தன. யாரோ பாட்டெடுத்தார்கள். பிரதமர்கூட வந்துவிட்டார், பச்சை முகத்தோடு, வாளியைக் கையில் பிடித்தபடி.

செங்கமலத்துக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆண்டு முழுக்கக் கெஞ்சினேனே, ஒரு நாள் வந்தார்களா? நாட்டைப் புதைக்கிறோம் என்றதும் பலகாரக் கூடையோடு வருகிறார்கள்!

மரகதம் கடைசிப் படகில் வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அம்மாவின் எதிரில் வந்து நின்றாள். குழந்தைதான் கையை நீட்டியது. செங்கமலம் வாங்கிக்கொண்டாள்.

வாக்கெடுப்பு நீளவில்லை. நாடு முடியட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றாள் மெரே. கைகள் உயர்ந்தன, மெதுவாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். படகுகளிலும் உயர்ந்தன. சிலர் தூக்கிக்கொண்டே அழுதார்கள். மெரே தன் கையையும் தூக்கினாள். மரகதமும் தூக்கினாள். எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. பிறகு யாரும் சொல்லாமலே எல்லோரும் நாட்டுப்பண்ணைப் பாடினார்கள். அத்தனை பேருக்கும் வரிகள் தெரிந்திருந்தது செங்கமலத்துக்கு ஆச்சரியமாக இருந்தது.

காண்கோள் இத்தனை தாழ இறங்கி அவள் பார்த்ததில்லை. முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"பெருந்திரள். தன்னியல்பு முழுமை. இத்தகைய கூட்டம் இதற்குமுன் பதிவாகவில்லை. அறிவிப்புக்காகக் காத்திருக்கிறேன். இது தேசிய நிகழ்வா?"

பிரதமர் வாளியோடு ஓடிவந்தார். "சொல்லு செங்கா! ஆமான்னு சொல்லு!"

அவள் ஒரு கணம் தண்ணீரைப் பார்த்தாள். ஈலியாவின் கல்லறை மாதா கோயிலின் கிழக்குப் பக்கம். மேடையின் மூன்றாவது காலுக்கு நேர் கீழே என்று அவளுக்கு ஒரு கணக்கு. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆண்டு முழுவதும் மாரடித்தாள். இப்போது வாய்க்கு வந்து நிற்கிறது. சொன்னால் அடுத்த ஆண்டும் கொடி இருக்கும், மெரேயின் மீன் இருக்கும், கிழக்குப் பக்கக் கடல் இருக்கும். இந்தப் படகுகளில் இருப்பவர்கள் அடுத்த ஆண்டும் எங்கேயோ வரிசையில் நின்று விருந்தினராக முத்திரை குத்திக்கொள்வார்கள். இடுப்பிலிருந்த குழந்தை அவள் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மரகதம் அம்மாவைப் பார்க்கவில்லை. கீழே பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கெஞ்சக்கூட இல்லை.

"இல்லை," என்றாள் செங்கமலம். "தேசிய நிகழ்வெல்லாம் ஒன்றுமில்லை. சொந்தக்காரங்க வந்திருக்காங்க."

"உறுதிசெய்கிறீர்களா?"

"ஒரு தடவை சொன்னா உனக்குப் புரியாதா? குடும்ப விஷயம். உனக்கு இங்கே என்ன வேலை? போ!"

காண்கோள் அசையாமல் நின்றது. அது இப்படி யோசித்து அவள் கண்டதில்லை. பிறகு நேராக மேலே எழும்பி, புள்ளியாகி, வடக்கே போயிற்று. பிரதமர் வாளியைக் கீழே வைத்து, அதன்மீதே உட்கார்ந்துவிட்டார்.

மரகதம் வந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அம்மா, நீயும் எங்ககூட வந்துடு. இனிமே உனக்கும் அங்கே குடியுரிமை கொடுத்தாகணும்," என்றாள்.

"வரேன், வரேன். முதல்ல இவளைப் பிடி, கை கடுக்குது."

மேற்கே, வெயில் இன்னும் மிச்சமிருந்தபோதே, எல்லையில் நின்ற கப்பல்கள் ஒவ்வொன்றாக இயந்திரத்தைக் கிளப்பும் சத்தம் தண்ணீரின்மேல் ஊர்ந்து வந்தது. ஆண்டு முடியும் நள்ளிரவு வரைகூட அவற்றால் பொறுக்க முடியவில்லை. செங்கமலம் மேடையின் விளிம்புக்குப் போய் நின்றுகொண்டு, "கிழக்குப் பக்கம் வராதே! அங்கே ஆள் படுத்திருக்கு!" என்று அந்தச் சத்தத்தைப் பார்த்துக் கத்தினாள். கேட்காது என்று தெரிந்தும், தொண்டை கட்டும்வரை கத்தினாள்.